புறப்படும் முன் ஐந்து நிமிடம்

‘தஞ்சாவூர் நெல் வயல்’ என்று கூகுளில் தேடினால் வருகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சை நாற்று, தண்ணீரில் விழுந்த வானம், வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்கள். வங்கிக் காலண்டரிலும் அதே படம், உர விளம்பரத்திலும் அதே படம். அந்தப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருப் பெண்கள். முதுகை வைத்து அவர்கள் யார் என்று உங்களால் சொல்ல முடியாது. எங்களாலும் சில நேரம் சேலையின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது.

எங்களைப் பற்றி இன்னொரு வகைப் படமும் உண்டு. உண்மை அறியும் குழுவின் அறிக்கையில் வருவது. எரிந்த குடிசை, கட்டுப்போட்ட தலை, அரசு மருத்துவமனை வாசலில் தரையில் உட்கார்ந்து அழும் தாய். அந்தப் படங்களை நாங்களும் எடுத்திருக்கிறோம், இனியும் எடுப்போம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வழக்கு நிற்க வேண்டுமானால் சான்று வேண்டும்.

குனிந்த முதுகு ஒன்று, விழுந்த உடல் ஒன்று. திருவாரூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. தமிழ்நாட்டிலேயே அதிக விகிதம் அதுதான். நாகை, தஞ்சைப் பக்கமும் நாங்கள் குறைந்த எண்ணிக்கையில் இல்லை. இவ்வளவு பேருக்கும் சேர்த்து இந்த இரண்டே படங்கள்தானா என்று ஒரு நாள் பேச்சு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் நாங்கள் சில ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு சின்ன வேலை. யாராவது வீட்டை விட்டுப் புறப்படும் முன், வாசலில் தயாராகி நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் படம் எடுக்கிறோம்.

நாங்கள் மூன்று பேர். பகலில் சமூகப் பணி, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு இரவுப்பாடம். பழைய கேமரா ஒன்று, ஆளுக்கொரு செல்போன். விதிகளும் சிலதான். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை அங்கேயே காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னே அழிக்க வேண்டும். பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர்கள் சொல்லாமல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பக் கூடாது. பண்ணைக்காரரும் அந்தக் குழுக்களில் இருக்கிறார், ஒரு படத்தால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் கடைசி விதி.

குறுவைக்கு மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், கடைமடைக்கு அது வந்து சேர நாளாகும். வந்துவிட்டால் எங்கள் தெரு விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடும். நடவுக்குப் போகும் அக்காக்கள் புறப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதில் எவ்வளவு ஏற்பாடு இருக்கிறது என்று தெரியும். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. கால் விரல் இடுக்குகளில் மருதாணி, சேற்றுப்புண் வராமல் இருக்க. தூக்குவாளியில் பழைய சோறு, மூடிக்குள் மாங்காய் ஊறுகாய். இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை. மழைக்காலம் என்றால் உரச்சாக்கை மடித்துத் தைத்த கொங்காணி. இதையெல்லாம் முடித்துவிட்டு, டாட்டா ஏஸ் வண்டி வரும்வரை வாசலில் நிற்கிறார்கள். இப்போது உள்ளூரில் வேலை குறைவு. நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது. வேலை இருக்கும் ஊரைத் தேடி இருபது, முப்பது கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டியிருக்கிறது.

வண்டிக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் கேமராவைப் பார்த்தால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். “இரு தம்பி, சட்டைக் காலரு சரியா இருக்கா பாத்துக்கறேன்.” சேற்றில் இறங்கப் போகிற சட்டைக்குக் காலர் எதற்கு என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் நீண்ட பதில் இருக்கிறது.

எங்கள் அப்பாயிமார் காலத்துக்குப் போனால் இந்த ஐந்து நிமிடமே கிடையாது. கீழத்தஞ்சையில் பண்ணையாள் என்பவர் கிழக்கு வெளுக்கும் முன்னே பண்ணையில் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது என்றாலும் காரியக்காரர் கேட்க மாட்டார். தண்டனை சவுக்கடி, கூடவே சாணிப்பால். சாணியைத் தண்ணீரில் கரைத்து மனிதர் வாயில் ஊற்றுவதற்கு இந்தப் பெயர். ஆண்களுக்கு வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது. ஆணோ பெண்ணோ, ஊர்த்தெருவில் காலில் செருப்பு கூடாது. கண்ணாடி பார்த்து, தலை வாரி, நம் வாசலில் நம் விருப்பத்துக்குக் கொஞ்சம் நின்று, பிறகு புறப்படுவது என்கிற விஷயமே ஆண்டைக்குச் செய்யும் துரோகமாக இருந்தது. விழித்த நொடியிலிருந்து நேரம் அவருடையது.

அந்த நேரத்தை மீட்டது யாரும் கொடுத்த சலுகையால் இல்லை. 1943இல் பி. சீனிவாசராவ் தென்பரைக்கு வந்து விவசாயிகள் சங்கம் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எழுத்தில் முடிவு வந்தது. 1952இல் தஞ்சைக்கென்றே தனியாக ஒரு சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டி வந்தது. கூலிக் கணக்கில் மட்டும் இந்த வரலாற்றை எழுதினால் பாதிதான் வரும். எத்தனை மணிக்கு, எப்படி உடுத்திக்கொண்டு, யாரிடம் சொல்லிக்கொண்டு வீட்டை விட்டு இறங்குவது என்பதும் அந்தப் போராட்டத்தில் கிடைத்ததுதான். காலரைச் சரி செய்யும் அக்காவுக்கு 1944 என்ற எண் தெரியாமல் இருக்கலாம். அவருடைய அம்மாவுக்கு நடந்தது தெரியும்.

உடுத்திக்கொண்டு புறப்படுவதன் அரசியலை அண்ணல் அம்பேத்கர் அளவுக்கு உணர்ந்தவர் யாருமில்லை. 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த அந்த மாநாட்டை ஒட்டிப் பெண்களிடம் பேசியபோது, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டுவதும் கனத்த வெள்ளி நகைகளைச் சுமப்பதும் தீண்டாமையின் அடையாளங்கள், அவற்றை விடுங்கள் என்றார். பெண்கள் அங்கேயே சேலையை மாற்றிக் கட்டத் தொடங்கினார்கள் என்று பதிவு இருக்கிறது. அண்ணல் தானும் கோட்டு சூட்டு இல்லாமல் பொதுவில் நின்ற படங்கள் குறைவு. எங்கள் தெருமுனைச் சிலை வரைக்கும் அந்த நீலக் கோட்டு வந்திருக்கிறது. அதைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு அது என்ன செய்கிறது என்று நன்றாகவே தெரியும்.

தெரியாமலா 2012இல் தருமபுரி நத்தம் காலனி எரிந்த பிறகு, தலித் இளைஞர்களின் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் பெரிய குற்றமாக மேடையில் பேசப்பட்டன? பாமக நிறுவனர் ராமதாஸ் சொன்னதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டபோது, அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. டெல்டாவில் அப்படியெல்லாம் இல்லை என்று நினைப்பவர்கள் எங்கள் படங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

திருப்பூருக்குப் புறப்படும் ஒரு தம்பியின் படம் இருக்கிறது. காரைக்கால்–எர்ணாகுளம் ரயிலைப் பிடிக்கத் தஞ்சாவூர் போக வேண்டும். பேக்கை மாட்டியாகிவிட்டது, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டாகிவிட்டது. கூலிங் கிளாஸ் மட்டும் கையில் இருக்கிறது. “போட்டுக்கடா, படத்துக்கு நல்லாருக்கும்” என்றோம். “ரோடு ஏறினதும் போட்டுக்கறேண்ணே” என்றான். எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். எண்ணூறு அடி இருக்கும். அந்த எண்ணூறு அடிக்குக் கண்ணாடி கையில்தான். யாரும் அவனிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அதே எண்ணூறு அடி அது.

கல்லூரிக்குப் போகும் ஒரு பாப்பாவின் படமும் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப் போகிறவள். ஷூ போட்டு, துப்பட்டாவைப் பின் குத்தி, நோட்டை மார்போடு பிடித்திருக்கிறாள். நல்ல படம். பின்னால் திண்ணையில் அவள் அம்மா நிற்கிறார். அவர் பார்வை மகள் மேல் இல்லை. தெரு முனையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தயாராவது என்றால் பெண்பிள்ளை உள்ள வீட்டில் இரண்டு பேர் தயாராக வேண்டும் என்பதை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தோம்.

நம்மை மற்றவர்கள் எப்படிப் படம் எடுத்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அரசாங்கம் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் புகைப்படங்கள் வெளியிட்டது. ஒவ்வொரு சாதிக்கும் பழங்குடிக்கும் மாதிரி ஆட்கள். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு மூக்கின் அகலத்தை அளந்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் போட்டார். அந்தப் படங்களில் நிற்பவர்கள் எங்கேயும் புறப்படுகிறவர்கள் கிடையாது. நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்.

சமூகவியல் முதுகலையில் ஆந்த்ரே பெத்தேயின் ஸ்ரீபுரம் ஆய்வைப் படிக்காமல் யாரும் வெளியே வர முடியாது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ஸ்ரீபுரம். சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய அந்தப் புத்தகம் 1965இல் வந்தது. நேர்மையான ஆய்வாளர் அவர். அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்ததால் சேரிக்குள் தன்னால் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். அந்த வரியை வகுப்பறையில் படித்தபோது நாங்கள் யோசித்தது இதுதான்: அக்ரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளரிடம் எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள், வேலைக்காரராக, கூலியாக. அவர்கள் எங்கிருந்து, எப்படிப் புறப்பட்டு வந்தார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது. அந்த இடத்தில் நிற்க எங்களால் முடியும், அது எங்கள் வாசல்.

இப்போதைய அரசாங்கமும் படம் எடுக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். என்ற செயலி எல்லா வேலைத்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகல் ஒரு படம், இடமும் நேரமும் பதிவாக வேண்டும். வாய்க்கால் கரையில் வரிசையாக நிற்க வைத்து எடுப்பார்கள். டவர் கிடைக்கவில்லை என்றால் படம் ஏறாது, படம் ஏறாவிட்டால் கூலிக்கு அலைய வேண்டும். அந்த வரிசையில் நிற்கிற அதே பெரியம்மா எங்கள் படத்தில் வாசலில் நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அரசின் படத்தில் அவர் நேராக நிற்கிறார், இமைக்கவில்லை. எங்கள் படத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், ஒரு கை தூக்குவாளி மூடியை அழுத்திக்கொண்டிருக்கிறது. செயலிக்கு வேண்டியது அவர் வந்தார் என்ற சான்று. எங்களுக்கு வேண்டியது அவர் யார் என்பது.

எல்லோரும் சம்மதிப்பதில்லை. பறையடிக்கும் அண்ணன்கள் புறப்படும் காட்சி போல ஒரு படம் கிடைக்காது. வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயில் பறையைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சுவார்கள். ஒரு நாள் கேமராவைத் தூக்கியதும் மூத்த அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். “சாவுக்கு அடிக்கப் போறோம் தம்பி. இத எடுக்காத. மேடைக்குப் போறப்ப கூப்புடறேன், அப்ப எடு.” கேமராவை உள்ளே வைத்துவிட்டோம். அடுத்த பொங்கலுக்குப் பக்கத்து ஊர்க் கலைவிழாவுக்குப் போகும்போது உண்மையிலேயே கூப்பிட்டார். அதே பறை, அதே வைக்கோல் தீ. இந்த முறை சலங்கை கட்டியிருந்தார்கள், எல்லோரும் ஒரே நிறச் சட்டை. எந்தப் புறப்பாடு தன்னுடையது, எது தன் மேல் சுமத்தப்பட்டது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். மறுக்கும் உரிமை இல்லாமல் எடுக்கப்படும் எந்தப் படமும் தர்ஸ்டன் எடுத்த படத்தின் தொடர்ச்சிதான்.

வெண்மணியைச் சொல்லாமல் டெல்டாவில் எதையும் எழுதி முடிக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காக, ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெரும் நிலமும் வசதியும் உள்ளவர்கள், அதிலும் சொந்தக் கார் வைத்திருக்கிற ஒருவர், ஆட்களைக்கூட விடாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. நடந்து போவது எங்கள் வேலை என்று நீதிமன்றமே எழுதி வைத்தது போல இருந்தது. அந்த 44 பேர் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தார்கள் என்று காட்டும் ஒரு படத்தை நாங்கள் பார்த்ததில்லை. காலையில் வேலைக்குப் புறப்பட்ட முகம், சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிய முகம், பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட கை. எங்களிடம் இருப்பது நினைவுத் தூணில் உள்ள பெயர்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் எங்கள் தெருவிலிருந்து வெண்மணிக்கு வேன் கிளம்பும். சிலர் செங்கொடியோடு, சிலர் நீலக்கொடியோடு, அதில் சண்டையும் உண்டு. நாங்கள் அஞ்சலிக் கூட்டத்தைப் படம் எடுப்பதைவிட வேன் கிளம்புவதைத்தான் அதிகம் எடுக்கிறோம். தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதப் பொட்டலம், வாந்தி வரும் பிள்ளைக்கு ஜன்னலோர சீட்டு, ‘எல்லாரும் ஏறியாச்சா’ என்று எண்ணும் அத்தை. நாளைக்கு யாராவது இந்த மக்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு இது இருக்கும்.

இந்த வேலையில் நாங்கள் தனியாள் கிடையாது. மதுரையின் எம். பழனிகுமார், ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் கேமராவோடு மலக்குழிகளின் ஓரம் நின்றவர், மீன் விற்கும் தன் அம்மாவையே படமெடுத்து எழுதியவர். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தின் அன்றாடத்தைப் படமாக்கி உலகத்துக்குக் காட்டியவர். கேமரா வீட்டுக்கு உள்ளேயிருந்து வெளியே பார்த்தால் என்ன தெரியும் என்று இவர்கள் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் துணிச்சல் வந்தது.

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் தெரு ஆயா ஒருவர் இறந்துபோனார். வீட்டில் ஆதார் படம் ஒன்றுதான் இருந்தது. மகள் எங்களிடம் வந்தார். நடவுக்குப் புறப்படும்போது எடுத்த படத்தைக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்தோம். கடைக்காரர் வழக்கம் போல, தலையில் இருந்த கொங்காணியை அழித்துவிட்டுக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுத் தருகிறேன் என்றார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “அத எடுக்காதீங்க. எங்கம்மா அதப் போட்டுக்கிட்டுத்தான் எங்க நாலு பேரயும் ஆளாக்குச்சு. நகையெல்லாம் வேணாம், அவங்க எப்படிக் கெளம்புவாங்களோ அப்படியே இருக்கட்டும்.” ரோட்டு முனையில், ஊர்த்தெருவைப் பார்த்தபடி, பத்து நாள் அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. உரச்சாக்குக் கொங்காணியோடு, நிமிர்ந்து, வாயோரம் வெற்றிலைச் சிவப்போடு.

உங்கள் தெருவிலும் நாளைக் காலை யாரோ புறப்படுவார்கள். முனிசிபாலிட்டிக்குத் துடைப்பத்தோடு போகிறவர், டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிற பிள்ளை, துபாய்க்கு முதல் முறை பெட்டி கட்டுகிற அண்ணன். கையில் இருக்கிற போனே போதும். கேட்டு எடுங்கள். பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி, பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். ஒரு பிரதியை உங்கள் வீட்டுப் பெட்டியில் வையுங்கள், மழைத்தண்ணீர் படாத இடமாகப் பார்த்து.